பெயரைச் சொன்னால் தொழில் தெரியவேண்டும்



சங்க நூல்களின் பின்பக்கத்திலே அச்சிடப்பட்டிருக்கும் புலவர் அட்டவணையை எப்பொழுதாவது ஆறுதலாக வாசித்திருக்கிறீர்களா? பாட்டுகளைச் சொல்லவில்லை, பாடியவர்களின் பெயர்களை மட்டும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். உறையூர் இளம்பொன் வாணிகனார். தங்கால் பொற்கொல்லனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஒருவர் தானியம் விற்றார், ஒருவர் துணி விற்றார், ஒருவர் பொன் வேலை செய்தார், ஒருவர் நோய் தீர்த்தார். இவர்கள் எந்த ஊர், என்ன தொழில் என்று நாம் வேறொருவரைக் கேட்கவேண்டியதில்லை, பெயரே சொல்லிவிடுகிறது. நம்முடைய ஈழத்துப் பூதன்தேவனாருக்கு மட்டும் ஊர்தான் வாய்த்தது, தொழில் வாய்க்கவில்லை. அவர் என்ன செய்து சீவித்தாரோ!

இதிலே ஒரு சிறு இடறலும் உண்டு. அறுவை என்றால் அந்தக் காலத்திலே துணி. இன்றைக்கு ஒரு கடை வாசலில் ‘அறுவை வாணிகன்’ என்று பலகை தொங்கினால், சத்திரசிகிச்சையை விலைக்குச் செய்யும் தனியார் ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்போம். மேடைப் பேச்சாளர் என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள். கணக்காயர் என்றால் ஆசிரியர். இன்று கேட்பவர் நக்கீரரின் தகப்பனாரைக் கணக்காளராக்கிவிடுவார். சொல்லின் பொருள் காலத்தோடு நகர்ந்து போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெயர்கள் வழங்கிய நாளிலே, மதுரைக் கடைத்தெருவில் நின்ற ஒரு சாதாரண மனிதனுக்கு அவை விளங்கின.

சிலப்பதிகாரத்திலே புகார் நகரின் தெருக்களை இளங்கோவடிகள் காட்டும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். அப்பம் சுடுபவர் கூவியர். தைப்பவர் துன்னகாரர், துன்னுதல் என்றால் தைத்தல். மண்ணிலே உருவம் செய்பவர் மண்ணீட்டாளர். ஓவியருக்கு அங்கே கண்ணுள் வினைஞர் என்று பெயர். பார்ப்பவருடைய கண்ணுக்குள்ளே தம்முடைய தொழிலை நிறுத்துபவர் என்று பழைய உரைகாரர் விளக்கம் சொல்வார்கள். தொழிற்பெயர் தெளிவாக இருந்தால் அதிலே அழகு இராது என்பவர்கள் இந்த ஒரு பெயரை எண்ணிப் பார்க்கலாம்.

நான் நெடுங்காலம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாகச் சம்பளம் வாங்கியவன். மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரைச் சொன்னால் என் அயலவருக்கு என் வேலை விளங்கியது. அந்த வகையில் நான் பாக்கியசாலி. என் மேசைக்கு வந்த சொற்களிலே எனக்கு மிகவும் பிடித்தது ‘எழுதுவினைஞர்’ என்பதாகும். கிளார்க் என்பதற்கு நம் நாட்டிலே இலிகிதர் என்றும் சொன்னோம், எழுதுவினைஞர் என்றும் சொன்னோம். எழுதுகின்ற வினையைச் செய்பவர். சிலப்பதிகாரத்துக் கண்ணுள் வினைஞரின் ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குப் பக்கத்திலே தட்டெழுத்தாளர், சுருக்கெழுத்தாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என்று இருந்தார்கள். கச்சேரியில் காசு வாங்கி எண்ணிய சிறாப்பரும் இருந்தார். சிறாப்பர் என்ற சொல் எங்கிருந்தோ வந்ததுதான். ஆனாலும் காசு கட்டப் போனவர் எவரும் சிறாப்பரைத் தேடித் தடுமாறியதில்லை.

பின்னாளிலே எழுதுவினைஞர், தட்டெழுத்தாளர், சுருக்கெழுத்தாளர் எல்லோரையும் ஒரே சேவைக்குள் சேர்த்து ‘முகாமைத்துவ உதவியாளர்’ ஆக்கினார்கள். சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது நல்லதாக இருந்திருக்கலாம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். யார் முகாமை செய்கிறார்? எதை முகாமை செய்கிறார்? அதற்கு இவர் எப்படி உதவுகிறார்? எழுதுகிறார், கோப்பு வைத்திருக்கிறார், கடிதத்துக்குப் பதில் போடுகிறார் என்ற உண்மை எங்கே போயிற்று?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிரதேச செயலகத்திலே, ஊரின் பெயர் வேண்டாம், ஒரு மூதாட்டியாருக்குப் பக்கத்தில் வாங்கிலில் இருந்தேன். கணவன் இறந்துவிட்டார். காணி அனுமதிப் பத்திரத்தைத் தன்னுடைய பெயருக்கு மாற்றவேண்டும். எதிரே வரிசையாக நான்கு மேசைகள். நான்கிலும் ‘அபிவிருத்தி உத்தியோகத்தர்’ என்று மும்மொழியிலும் அழகான பலகை. மூதாட்டியார் முதல் மேசைக்குப் போனார்.

“பிள்ளை, காணி அலுவல் பாக்கிறது ஆர்?”

“நான் அபிவிருத்தி, அம்மா. அங்காலை கேளுங்கோ.”

அங்காலையும் அபிவிருத்திதான். நாலாவது மேசைப் பிள்ளை எழுந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே ஓர் அறையைக் காட்டினார். அந்த வாசலிலே ‘குடியேற்ற உத்தியோகத்தர்’ என்று எழுதியிருந்தது. மூதாட்டியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் குடியேறி வந்தனான் இல்லைப் பிள்ளை. பிறந்ததே இஞ்சைதான்.”

சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபிறகு சிரிக்க முடியவில்லை. அரசாங்கக் காணிகளைப் பார்ப்பவருக்குக் குடியேற்றத் திட்டங்களின் காலத்திலே வைத்த பெயர் அது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது பழக்கம். வாசலில் நிற்பவருக்கோ, இந்த ஊரில் உனக்கு உரித்தில்லை என்று சொல்வதுபோலக் கேட்டிருக்கிறது. ‘காணி அலுவலர்’ என்று எழுதியிருந்தால் அவர் நேரே உள்ளே போயிருப்பார். பதவிப் பெயர் கதிரையில் இருப்பவருடைய சொத்து என்று நாம் நினைக்கிறோம். அது மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்காக ஏற்பட்டது என்பதே என்னுடைய கட்சி. இன்ன வேலை செய்பவர் இவர் என்று தெரிந்தால்தானே, இந்த வேலையை எனக்குச் செய்து தாருங்கள் என்று கேட்கலாம்?

உத்தியோகத்தர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்திலே ஒரு பழமொழி வழங்குகிறது. அரசாங்க உத்தியோக மோகத்தைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆயினும் அதிலே செய்யும் வேலை என்னவென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று அதே ஆளைக் ‘கோழிவள அபிவிருத்தி உத்தியோகத்தர்’ என்போம். கோழி எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியாமலிருக்கும். மருத்துவிச்சி குடும்பநல உத்தியோகத்தர் ஆனார். தாதி தாதிய உத்தியோகத்தர் ஆனார். மலையகத் தோட்டங்களிலே கணக்கப்பிள்ளை வெளிக்கள உத்தியோகத்தர் ஆனார். ஒரே தொப்பியை எல்லோருடைய தலையிலும் வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆளை அடையாளம் தெரிவதில்லை.

பெயர் மாறுவதெல்லாம் பிழை என்று நான் சொல்லவரவில்லை. 1963இல் விதானைமார் பதவியை ஒழித்துக் கிராம சேவகர்களை நியமித்தார்கள். ஊரிலே செல்வாக்குள்ள குடும்பத்தவருக்குக் கிடைத்துவந்த பதவி, பரீட்சை எழுதி வருபவருக்கு உரியதாயிற்று. அங்கே பொருள் மாறியது. அதனால் பெயரும் மாறவேண்டியிருந்தது. கிராமத்துக்குச் சேவை செய்பவர் என்ற பெயர் எவருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு அவரைக் ‘கிராம நிலதாரி’ ஆக்கியதுதான் வேடிக்கை. சிங்களத்திலே நிலதாரி என்றால் பதவி வகிப்பவர். அவர்களுக்கு அது தெளிவு. தமிழ்க் காதுக்கோ அதிலே நிலம் கேட்கிறது. நிலத்தைத் தரித்தவர், நிலம் வைத்திருப்பவர் என்று பொருள் ஓடுகிறது. கிராம அலுவலர் என்று எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். சனங்கள் இவை ஒன்றையும் ஏற்கவில்லை. கிராம சேவகரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஜீ.எஸ்.’ என்றார்கள், பெயர் மாறிப் பல்லாண்டுகள் சென்றும் ஜீ.எஸ். என்றே சொல்கிறார்கள். வயது போனவர்களுக்கு அவர் இன்னமும் விதானையார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு உதவி அரசாங்க அதிபர் பிரதேச செயலாளர் ஆனார். ஆனாலும் ‘ஏ.ஜீ.ஏ. கந்தோருக்குப் போட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதிபர் என்ற சொல் படும் பாட்டைத் தனியாக ஒரு நாள் பேசவேண்டும். நமக்கு அவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலே அமெரிக்காவை ஆள்பவரும் அதிபர்தான்.

அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகையாக இருந்த வழக்கறிஞர்களை 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. 1974 தொடக்கத்திலிருந்து எல்லோரும் சட்டத்தரணிகள். வேறுபாடு போனது, அதனோடு பெயரும் போனது. அது நியாயம்.

இனி, என்னோடு வாதாட வருகிறவர்களின் மிகப் பலமான நியாயத்துக்கு வருகிறேன். பழைய தொழிற்பெயர்கள் தெளிவாக இருந்தன என்கிறீர்களே, அவற்றிலே சாதியும் ஒட்டிக்கொண்டு இருந்ததே என்பார்கள். உண்மை. ஒரு மனிதனை அவனுடைய தொழிற்பெயராலேயே சிறுமைப்படுத்திய சமூகம் நம்முடையது. அந்தப் பெயர்களைத் தூக்கி எறிந்தது பெரிய காரியம். ஆனால் எறிந்த இடத்தில் எதை வைத்தோம் என்று பார்க்கவேண்டும். ‘சலவைத் தொழிலாளி’ என்ற பெயரைப் பாருங்கள். மரியாதை இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. வேலையை மறைக்காமலே இழிவைக் கழுவிவிட்டார்கள். ‘சுகாதாரத் தொழிலாளி’ என்பதைப் பாருங்கள். நகரசபைக் கானுக்குள்ளே இறங்கிக் கையுறையும் இல்லாமல் கழிவை அள்ளுகிறவருக்கு வைத்த பெயர் அது. பெயர் சுகாதாரமாக இருக்கிறது. அவருக்குக் கையுறை கொடுத்தீர்களா, சப்பாத்துக் கொடுத்தீர்களா என்று கேட்கும் நினைவே நமக்கு வராதபடி அந்தப் பெயர் பார்த்துக்கொள்கிறது. தோட்டத்திலே பிள்ளைக்காம்பிரா ஆயாவாக இருந்தவர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியிருக்கிறார். பயிற்சியும் சம்பளமும் அந்தப் பெயருக்கு ஈடாக வந்த இடத்திலே நான் கைதட்டுகிறேன். பெயர் மட்டும் வந்து சேர்ந்த இடத்திலே, ஏமாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நிலைமை இன்னும் விசேஷம். பெயரிடுவதில் நமக்கு நல்லதோர் ஆரம்பம் இருந்தது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்கவேண்டும் என்று நூல்களை மொழிபெயர்த்தார், மொழிபெயர்ப்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’ என்பன அந்த நூல்களிலே இரண்டின் பெயர்கள். இரணம் என்றால் புண். புண்ணுக்கு வைத்தியம், பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியம். வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு இது தோன்றியிருக்கிறது. இன்று நம்முடைய கர்ப்பிணிகள் ‘வீ.ஓ.ஜீ.யிட்டைக் காட்ட வேணும்’ என்கிறார்கள். வயிற்றுவலியோடு வந்த கமக்காரரிடம் ‘நீங்கள் வீ.பீ.யைப் பாக்க வேணுமோ வீ.எஸ்.ஐப் பாக்க வேணுமோ’ என்று கேட்கிறார்கள். ஒருவர் மருந்து கொடுப்பவர், மற்றவர் வெட்டுபவர் என்ற வித்தியாசம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவேண்டியது அல்லவா? உடம்பு அவருடையது.

இனிப் பட்டங்கள். நம் நாட்டிலே பி.ஏ. கலைமாணி, எம்.ஏ. முதுமாணி. மாணி என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பிரமசாரி என்றும் மாணாக்கன் என்றும் பொருள். குறள் வடிவாக வந்த வாமனரையும் மாணி என்பார்கள். ஆங்கிலத்திலே அந்தப் பட்டத்துக்கு இட்ட பெயரும் மணமாகாதவனைக் குறிப்பதுதான் என்பதால், இதைத் தேர்ந்தவர்கள் ரசனைக்காரர்கள். ஆனால் முதுமாணி என்றால் முதிய பிரமசாரி என்றல்லவா ஆகிறது! மூன்று பிள்ளைகளின் தாய்மார் பலர் அந்தப் பட்டத்தைப் பெற்றிருக்கிறார்கள். சட்டமாணி, வணிகமாணி, கல்விமாணி ஆகியவை என்ன படித்தார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. கலைமாணி சொல்வதில்லை. வரலாறா, புவியியலா, தமிழா, பொருளியலா? இன்னொருவரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். கலாநிதி என்பது அதற்கும் மேல். தமிழ்நாட்டவர் முனைவர் என்பதை நாம் கலாநிதி என்கிறோம். மருத்துவரை வைத்திய கலாநிதி என்கிறோம். என் அயல்வீட்டுப் பையனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயரும் கலாநிதிதான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பி.ஏ. என்ற இரண்டு எழுத்தும் அன்று எவ்வளவு பெரிய பெருமை! ஆனால் 1887இலே கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த கைக்கும் அந்த எழுத்துகளுக்கும் என்ன தொடர்பு? அவர் யார் என்று நமக்குச் சொல்வது அவர் பதிப்பித்த நூல்களின் முகப்புகள்தான். இதற்கு மாறாக ‘பண்டிதர்’ என்ற பட்டத்தை நினைக்கிறேன். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்திலே 1921இல் தொடங்கி, பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று படிப்படியாகப் பரீட்சை நடத்தியது. பண்டிதர் வருகிறார் என்றால், இலக்கணத்திலே சந்தேகம் கேட்கலாம், கோயிலிலே புராணத்துக்குப் பயன் சொல்லச் சொல்லலாம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பட்டம் ஒரு வாக்குறுதியாக இருந்தது.

2012இலும் 2020இலும் பல்லாயிரக்கணக்கான பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாகச் சேர்த்தது. அவர்களிலே பெருந்தொகையானோர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை அவர்களில் ஒருத்தி. நாடகமும் அரங்கியலும் படித்தவள். கூத்து மெட்டுகள் பல அவளுக்கு நெஞ்சிலே இருக்கின்றன. “உங்கடை மகள் என்ன வேலை?” என்று தாயாரைக் கேட்டேன். “கந்தோரிலை இருக்கிறாள்” என்றார். வேறு விளக்கம் அவரிடம் இல்லை. பிள்ளையைக் கேட்டேன். “வீட்டுத்தோட்ட விபரம் எடுப்பம், படிவம் நிரப்புவம், ஒரு கூட்டம் எண்டால் கதிரை அடுக்குவம்” என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். வேலை இழிவு என்பது அல்ல. பட்டமும் அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை, பதவியும் அவள் செய்வதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு மூடுதிரைக்கும் நடுவிலே, பள்ளிக்கூடங்களில் கூத்துப் பழக்கியிருக்கக்கூடிய ஒருத்தி கதிரை அடுக்குகிறாள்; அது எவருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. ‘கூத்துப் பயிற்றுநர்’ என்று ஒரு பலகையை அவள் மேசையில் வைத்துப் பாருங்கள். அடுத்த கிழமையே ஏதாவது ஒரு பாடசாலை அதிபர் அவளைத் தேடி வருவார்.

விளங்காத பதவிப் பெயர் சிலவேளை உயிருக்கும் ஆபத்து. தாய்லாந்திலே கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள், மியன்மார் எல்லையிலே மியாவடியில் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். 2023இலும் 2024இலும் சிலர் மீட்டுக் கொண்டுவரப்பட்ட செய்திகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

அந்தச் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களிலே எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு தகப்பனார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். மகனுக்கு வெளிநாட்டு வேலை. பதவிப் பெயர் ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் நீளம். “இதைத் தமிழிலை சொல்லுங்கோ, மாஸ்ரர்” என்றார். மொழிபெயர்ப்பாளனை மாஸ்ரர் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் சொன்னேன். ஆறையும் சேர்த்தால் ஒரு வேலையும் வரவில்லை. முகவருக்குத் தொலைபேசி எடுத்து ஒரேயொரு கேள்வி கேட்கச் சொன்னேன்: பிள்ளை காலையிலை வேலைக்குப் போனால் முதல் என்ன செய்ய வேணும்?

அவர் என் முன்னாலேயே எடுத்தார், கேட்டார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, அதெல்லாம் அங்கே போனால் சொல்லித் தருவார்கள் என்றார்கள். தகப்பனார் தொலைபேசியை வைத்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் விடிய முதல் பஸ்ஸிலே பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கப் போய்விட்டார் என்று அவருடைய மனைவி சொன்னார்.